புள்ளி போடாத பள்ளிக்கூடம்

லண்டன் டூட்டிங்கில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வருகிற நம்முடைய தாய்மாரில் பாதிப்பேர் மருந்துக்காக வருவதில்லை. "அக்கா, உங்கட மகள் போற மொண்டிசோரிப் பள்ளிக்கூடம் எப்பிடி? எங்கட பிள்ளையையும் போடலாமோ?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். நானும் வாய் ஓயாமல் சொல்வேன். காசு இல்லை, அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். சோதனையும் கிடையாது, நேர்முகமும் கிடையாது. கவுன்சில் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டியதுதான், வீடு கிட்ட இருந்தால் இடம் கிடைக்கும். வயது வித்தியாசமுள்ள பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். வீட்டுப்பாடம் இல்லை, பத்துக்கு இத்தனை என்று புள்ளி இல்லை, சட்டையில் ஒட்டிவிடும் நட்சத்திரமும் இல்லை. இந்த இடத்தில் கேட்பவரின் முகம் சுருங்கிவிடும். "அப்ப பிள்ளை படிக்குதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?" என்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஆடிய கூத்தைக் கவுண்டரில் நின்று சொல்ல முடியாது, இப்படி எழுதத்தான் முடியும்.

நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போகவில்லை. எங்கள் தெருவுக்கு அதுதான் கிட்ட. ஆனால் முதல் இரண்டு வருடம் நான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். மகள் நாலரை வயதில் வெள்ளரிக்காயைத் தானே வெட்டித் தட்டில் அடுக்கி, "அம்மா, எடுங்கோ" என்று நீட்டினாள். சப்பாத்து நாடாவைத் தானே கட்டினாள். அதற்குக் கால் மணி நேரம் எடுக்கும், எனக்கு ஷிப்டுக்குப் பிந்தும், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், என் கோபமெல்லாம் எங்கே போகுமென்று தெரியாது. வகுப்பில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் பதிவான அலுமாரிகளில் ஒவ்வொரு வேலைக்கும் உரிய சாமான் ஒவ்வொரு தட்டில் வைத்திருக்கும். எதை எடுப்பது என்று பிள்ளைதான் தீர்மானிக்கும். ஒருமுறை ஆயிரம் மணி கோத்த சங்கிலியைத் தரையில் நீட்டி வைத்து மூன்று நாள் எண்ணினாளாம். யாரும் எண்ணச் சொல்லவில்லை, யாரும் போதும் என்றும் சொல்லவில்லை.

வினை ஒரு சொந்தக்காரப் பிள்ளை பெரியவளானதற்கு எடுத்த சாமத்தியவீட்டில் வந்தது. மண்டபத்தில் ஒவ்வொரு மேசையிலும் என்ன சாப்பாடு என்று அச்சடித்த அட்டை வைத்திருந்தார்கள். என் கணவரின் அக்காவுடைய மகளுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, ஆறு. அந்தப் பிள்ளை அட்டையை எடுத்து மேலிருந்து கீழ்வரை கடகடவென்று வாசித்தது. "நீயும் வாசி பாப்பம்" என்று யாரோ என் மகளிடம் நீட்டினார்கள். அவள் கொஞ்சமும் கூச்சப்படாமல், நான் இன்னும் வாசிப்பை எடுக்கவில்லை, இப்போது மணிகள்தான் செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மேசையே சிரித்தது. எனக்கு முகம் கறுத்துப்போனது.

"ஆறு வயசாகியும் வாசிக்கத் தெரியாட்டி, இலெவன் பிளஸ்ஸுக்கு என்ன செய்யப் போறாய்?" என்றார் அந்தப் பிள்ளையின் தாய், என் மச்சாள். பெரிய பள்ளிக்கூடங்களில் இடம் பிடிக்க நாலாயிரம் பிள்ளைகளோடு முட்டி மோதி எழுதும் அந்தச் சோதனை எங்கள் ஆட்களுக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. வீட்டுக்கு வரும் வழியில் கணவர், "பிள்ளை சந்தோசமாத்தானே இருக்கிறாள், விடுமன்" என்றார். "உங்களுக்கு ரோசம் இல்லை, எனக்கு இருக்கு" என்றேன்.

அடுத்த சனிக்கிழமையே மகள் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் டியூசனில் இருந்தாள். வெளியில் படிப்பிப்பதென்றால் முதலில் தங்களோடு பேசச் சொல்லிப் பள்ளிக்கூடம் கேட்டிருந்தது. நான் பேசவில்லை. மகளிடமும், "பள்ளிக்கூடத்தில சொல்லாதை குஞ்சு, என்ன?" என்றேன். அப்போது அது எனக்குக் கெட்டித்தனமாகப் பட்டது.

சும்மா சொல்லக்கூடாது, டியூசன் மாஸ்டர் கெட்டிக்காரர். மூன்று மாதத்தில் மகள் பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரமெல்லாம் வாசித்தாள். பத்துக்குப் பத்து வாங்கினால் கொஞ்சினேன். எட்டு வாங்கினால், "மற்ற ரெண்டும் எங்க போனது?" என்று கத்தினேன். இங்கே முதலில் 'கேட்டேன்' என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. கத்தத்தான் செய்தேன்.

பிறகு அவள் எதற்கெடுத்தாலும் "இது சரியா, அம்மா?" என்று கேட்கத் தொடங்கினாள். காலுறை போட்டால் சரியா. சூரியனுக்கு மஞ்சள் அடித்தால் சரியா. பல் தீட்டி முடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டி, சரியா. பிள்ளைக்குப் பணிவு வந்துவிட்டதென்று பூரித்தேன், மடைச்சி.

ஒருநாள் பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆசிரியை என்னை மறித்தார். மென்மையாகப் பேசுகிற இளம் பெண். இரண்டு மாதமாக மகள் தானாக ஒன்றையும் எடுப்பதில்லை, யாராவது சொல்லும்வரை அலுமாரிக்கு முன்னால் நிற்கிறாள், வீட்டில் ஏதாவது மாற்றமா என்று கேட்டார். மகள் என் கையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்றுமில்லை" என்றேன். பிள்ளைக்கு முன்னால் வைத்துச் சொன்னேன்.

பயந்துபோய் அந்தக் கிழமைக்குள்ளேயே டியூசனை நிற்பாட்டினேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், "நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டாள். ஒரு பிழையும் இல்லை என்று மடியில் வைத்துச் சொன்னேன். கணவரும் சொன்னார். நிற்பாட்டினால் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று நம்பினேன். ஒரு மாதம் போனது. வரவில்லை. கடைசியில் ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு காலை வந்து வகுப்பில் இருந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

போனேன். மூலையில் ஒரு சின்னக் கதிரை, என் முழங்கால் நாடியை முட்டியது. கையில் ஒரு தாளைத் தந்தார்கள். பேசக்கூடாது, உதவக்கூடாது, பிள்ளை உங்களைப் பார்த்தால் சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமென்று என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். சுற்றிவர இருபது பிள்ளைகள், ஒவ்வொன்றும் தன் பாட்டில் ஏதோ செய்துகொண்டிருந்தது. ஒரு சின்னப் பையன் தண்ணீர் வார்த்துச் சிந்தினான், துணி எடுத்துத் துடைத்தான், திரும்ப வார்த்தான். என் மகள் மட்டும் அலுமாரிக்கு முன்னால் நின்றாள். ஒரு தட்டைத் தொட்டாள், என்னைப் பார்த்தாள். நான் கல்லாக இருந்தேன். அதை விட்டுவிட்டு இன்னொன்றைத் தொட்டாள், பார்த்தாள். எடடி என் செல்லமே, எதையாவது எடு என்று உள்ளுக்குள் கதறினேன்.

மெல்ல என்னிடம் வந்தாள். காதுக்குள், "அம்மா, எதை எடுத்தா நீங்கள் கோவிக்கமாட்டியள்?" என்று கேட்டாள்.

எதை எடுத்தாலும் கோவிக்கமாட்டேன் என்று அள்ளி அணைத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. தாளில் பேசக்கூடாது என்றிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்க ஏலாமல், அலுமாரியைப் பார்த்தேன். மணிச்சங்கிலி, தண்ணீர்க் குவளை, வர்ணக் கட்டைகள், எல்லாவற்றையும் தாண்டி என் கண் போய், மர எழுத்துகளை அடுக்கி வாசிக்கப் பழகும் எழுத்துப் பெட்டியில் நின்றது. நான் நிறுத்தவில்லை, தானாக நின்றது. ஒரு கணம்தான்.

அவள் அதைப் பிடித்துவிட்டாள். நேரே போய் எழுத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பாயை விரித்து, எனக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். முதல் எழுத்தை எடுத்து வைத்துவிட்டு என் கண்ணைப் பார்த்தாள்.