உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு பிரபு

ஸ்காபரோவில் நாங்கள் முதலில் குடியிருந்த கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று இருந்தது. மெஷின்களுக்கு மேலே ஒரு பலகைத் தட்டு. வீடு மாறிப் போகிறவர்கள் தங்களுக்கு வேண்டாத புத்தகங்களை அதில் விட்டுவிட்டுப் போவார்கள். எண்பத்தாறாம் ஆண்டுக் கடைசியில் என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அதனால் சனிக்கிழமைகளில் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போவது என் வேலையாயிற்று. சோப்புத் தண்ணீர் சுழல்வதை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? கைக்கு எட்டிய புத்தகம் ஒன்றை எடுத்தேன்.

அட்டை கிழிந்துபோன தடித்த புத்தகம். ஒரு பிரபுவின் வாழ்க்கைக் கதை. பிரெஞ்சு மன்னரின் படையில் இருந்தவர், ஆனால் பரம்பரையில் ஸ்கொட்லாந்துக்காரர். என் ஆங்கிலம் அப்போது நொண்டி நொண்டித்தான் நடந்தது. ஆனாலும் முதல் அத்தியாயத்திலேயே மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டார். காரணம் அவருடைய பாட்டன். தோற்றுப்போன ராஜாவின் பக்கம் நின்றதால் ஊரில் இருக்க முடியாமல், ஒரு வாளையும் தன் பெயரையும் மட்டும் கொண்டு பிரான்சுக்குக் கப்பலேறி ஓடியவர் அவர். "உது எங்கட கதையெல்லோ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மெஷினில் துவாய்களைப் போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டு ஹோலில், முன்கூடத்தில், ஓர் அண்ணை வாடகைக்கு இருந்தார். ஊர்க் கோயிலில் புராணம் படிக்கும்போது பயன் சொல்லிப் பழகியவர். ஒருவர் பாட்டைப் படிக்க இன்னொருவர் அதன் பொருளை விரித்துச் சொல்வதுதான் பயன். ரொறன்ரோவில் புராணத்துக்கு எங்கே போவது? சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கீழே படித்ததைத் தமிழில் சொல்வேன், அண்ணை அதற்குப் பயன் சொல்வார். மனைவி வீங்கிய கால்களைத் தலையணையில் நீட்டி வைத்துக்கொண்டு கேட்பாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட பிரபு இண்டைக்கு என்ன செய்தவர்?"

"காலில குண்டு பட்டுப் படுத்திருக்கிறார். மன்னர் சம்பளமும் குடுக்கேல்லை."

அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டார். "பயன் என்னெண்டால், பிறத்தியானுக்கு உழைக்கிறவனுக்குச் சம்பளம் பிந்தித்தான் வரும்."

அவர் வேலை செய்த உணவகக்காரன் அந்த மாதமும் இழுத்தடித்துக்கொண்டிருந்தான். மூவரும் நன்றாகச் சிரித்தோம்.

இந்த இடத்தில் எங்கள் பெயர்க் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் பெயரோடு தகப்பனின் பெயர் வரும். அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் பாட்டனின் பெயர் கழன்றுவிடும். நான் கனடாவில் வந்து இறங்கியபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். பிறகு வந்த மனைவி, கட்டிய பெண்ணின் வழக்கப்படி என் பெயரைக் கொடுத்தாள். ஆக, கனடாவின் கணக்கில் புருஷன் ஒரு குடும்பம், பெண்சாதி இன்னொரு குடும்பம். கிளினிக்கில் ஒரு நேர்ஸ் மிகக் கனிவாக, பிள்ளையின் தகப்பன் இவர்தானா என்று என்னைக் காட்டி மனைவியிடம் கேட்டாள்.

அதைச் சிரித்து விட்டுவிடலாம். தொழிற்சாலையில் நடந்ததை அப்படி விட முடியவில்லை. கார்க் கண்ணாடிகளுக்குச் சட்டம் பூட்டும் இடம் அது. அங்கே போர்மன் எல்லாரையும் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவான். அப்பா ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். ஊருக்கு அவர் மனேஜர், அம்மாவுக்கு இஞ்சாருங்கோ, எங்களுக்கு அப்பா. அவருடைய பெயரை வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேனே தவிரச் சொன்னதில்லை. அந்தப் பெயரை நான் அதிகம் கேட்டது ஸ்காபரோவில்தான். அப்பாவின் பெயரைச் சொல்லி, நிலத்தைக் கூட்டு என்பான். அப்பாவின் பெயரைச் சொல்லி, ஏன் பிந்தி வந்தாய் என்பான். என் உடம்பெல்லாம் கூசும். எண்பத்தைந்தில், மனைவி இங்கே வந்து சேர்ந்த சில மாதங்களில், அப்பா இறந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. போக வழியில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனேன். பெட்டிகளை ஏன் இன்னும் அடுக்கவில்லை என்று போர்மன் இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கத்தினான். அன்றைக்கு அவனை அடித்திருப்பேன். பெட்டிகளை அடுக்கினேன்.

ஆகவே பிறக்கப்போகும் பிள்ளைக்கு எந்தப் பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"என்ர பேர்தான் பின்னால வரவேணும். எங்கட வழக்கமும் அதுதான்" என்றேன்.

"வழக்கம் ஊரில" என்றாள் மனைவி. "இஞ்ச பள்ளிக்கூடத்தில தகப்பனுக்கு ஒரு பேர், பிள்ளைக்கு ஒரு பேர் எண்டு அது முழிச்சுக்கொண்டு நிக்க ஏலாது. மாமான்ர பேரையே வையுங்கோ."

"அப்பாவை இன்னொரு தலைமுறைக்கும் உவங்கட வாயில விடச் சொல்லுறீரோ?"

"என்னைக் கொழும்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து பிளேன் ஏத்தி விட்டது மாமாதான். பேரப்பிள்ளையைப் பாக்க அவருக்குக் குடுத்து வைக்கேல்லை. பேராவது பிள்ளையோட இருக்கட்டுமே" என்றாள். நான் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

பார்த்தால், அங்கே பிரபுவுக்கும் அதே சண்டை. மன்னர் அவருக்கு ஒரு நிலம் கொடுத்திருந்தார். பிரெஞ்சுப் பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொள்வது வழக்கமாம். எல்லார் வாயிலும் சுலபமாக வரக்கூடிய அழகான பெயர். இவர் மாட்டேன் என்றார். ஸ்கொட்லாந்தை அவர் கண்ணால் கண்டதில்லை. அந்த ஊர்ப் பேச்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. படையில் அவர் பெயரை ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்பினார்கள். மாமனார் வீட்டிலும் முகத்தைச் சுளித்தார்கள். அவரோ பாட்டனின் பெயரைத்தான் எழுதி ஒப்பமிட்டார். ஏன் என்று புத்தகம் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீம்பு பிடித்த மனிதன் என்று திட்டிவிட்டுப் புத்தகத்தைத் தட்டில் எறிந்தேன். சில வாரம் தொடவேயில்லை.

"பிரபுவோட கோவமோ?" என்று மனைவி சீண்டினாள். "பாவம், கால் ஏலாத மனுசன்."

தை மாதம் ஒரு சனிக்கிழமை, பொறுக்க முடியாமல் மறுபடி எடுத்தேன். மன்னர் அவரைக் கடல் கடந்து அனுப்பியிருந்தார். எங்கே என்றால், இந்தக் கனடாவுக்கே. இதே பனி, இதே குளிர். ஆற்றோரம் ஒரு கோட்டை. உதவிக்கு வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை, குதிரைகளை அறுத்துத் தின்றார்கள், கடைசியில் கோட்டை விழுந்தது. தோற்ற அதிகாரிகளை வரிசையில் நிறுத்தி, வென்ற இங்கிலாந்துப் படை அதிகாரி ஒருவன் பெயர்களை வாசித்துக்கொண்டு போனான். இவருடைய பெயர் வந்ததும் நின்றான். கிட்ட வந்து முகத்தைப் பார்த்தான். ஸ்கொட்லாந்தில் ஓர் ஆற்றின் பெயரைச் சொல்லி, அதன் வளைவில் இருந்த கல்வீட்டுக்காரரின் ஆளா என்று கேட்டான். அவனும் ஸ்கொட்லாந்துக்காரன், பக்கத்து ஊர். அந்த வீட்டுக் கூரை விழுந்துவிட்டது, ஆனால் வீடு நின்ற வளவை ஊரார் இன்னும் உங்கள் பெயரால்தான் சொல்கிறார்கள் என்றான். வாளைக் கழற்றிக் கொடுத்தபோது கலங்காத பிரபு அப்போது அழுதாராம். தன் பாட்டனின் வீடு எங்கே நின்றது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் அண்ணை எழுந்தார். சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் பயன் சொன்னார்.

"நாங்களும் இதைத்தானே கேக்கிறனாங்கள். பஸ்ஸில ஒரு தமிழ் முகத்தைக் கண்டால், ஊரில எவடம், ஆரின்ர மகன் எண்டு. பேர் இல்லாட்டி என்னெண்டு பிடிக்கிறது?"

மனைவி என்னைப் பார்த்தாள். "அந்தாள் தோத்துப்போய் நிண்டவர்" என்றேன் வெடுக்கென்று. தோற்றது யார் என்று எனக்கே தெரிந்திருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பிரபு பிரான்சுக்குத் திரும்பினார். நெஞ்சில் ஒரு சிலுவைப் பதக்கம், ஒரு கால் நொண்டல். முதுமையில் கட்டிலில் கிடந்து இறந்தார். அவர் மகன் அதே பெயரோடு அதே படையில் சேர்ந்தான். மாசியில் புத்தகத்தை முடித்து, இன்னொருவருக்கு உதவட்டும் என்று தட்டில் வைத்தேன்.

பங்குனியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிப் பதிவுக்காரப் பெண் கட்டிலுக்கு வந்தாள். தொட்டிலில் கட்டியிருந்த அட்டையில் தாயின் குடும்பப் பெயர், அதாவது என் பெயர், ஏற்கனவே இருந்தது. இதையே போடட்டுமா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினால் போதும். பல மாதமாக நான் சண்டை பிடித்தது அதற்காகத்தான். மனைவி களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தாள். "நீங்களே சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

நான் இல்லை என்றேன். என் குடும்பப் பெயரான அப்பாவின் பெயரைப் போடச் சொல்லி, அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், எப்படிச் சொல்ல வேண்டும்?"

முப்பத்தொரு வயது எனக்கு. வாய் திறக்க மறுத்தது. பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள், பிழையாக. மறுபடி சொன்னேன். அவள் அவசரப்படாமல் என் வாயையே பார்த்து, கடைசியில் சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தொட்டிலுக்குள் குனிந்து, அதே பெயரால் என் மகளுக்கு வணக்கம் சொன்னாள்.

அந்தத் தொலைபேசி வந்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. என்னால் அடக்க முடியவில்லை. அவள் அதைத் தகப்பனான சந்தோஷம் என்று நினைத்து, பெட்டியிலிருந்து கண் துடைக்க ஒரு ரிசுத் தாளை உருவித் தந்தாள்.