காய்ந்த பக்கம் முதலில்

என் மாப்பிள்ளை நூலக வண்டி ஓட்டுகிறவர். வண்டிக்குள் சுற்றிலும் தட்டு, தட்டு நிறையப் புத்தகம். தெருத் தெருவாகக் கொண்டுபோய் நிறுத்துவார். ஜனங்கள் வந்து எடுப்பார்கள், படித்ததைத் திருப்பித் தருவார்கள். சாதுவான மனிதர். பேச்சு குறைவு, சாப்பாடு அதைவிடக் குறைவு. என் மகள் தையல்காரி, வாய் ஓயாது. இவள் வாய்க்கு அந்தக் காது பொருத்தம்தான் என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னேன். சொன்னதை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

புயல் அடித்தபோது வண்டி எங்கள் தெரு முனையில் நின்றிருந்தது. பெரிய கிளை ஒன்று முறிந்து அதன் கூரையைக் கிழித்துவிட்டது. விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரின் முகத்தைக் கண்டு யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

"என்ன மாப்பிள்ளை, யாருக்கு என்ன?"

"புத்தகம் அத்தை. ஒரு பக்கத் தட்டு பூரா ஊறிப்போச்சு."

தலைமை நூலகருக்குப் போன் போட்டார். நூலகர் கறாரான ஆள். நனைந்ததை எல்லாம் கழித்துவிடச் சொன்னார். பாதிப் புத்தகம் போய்விட்டால் வண்டி எதற்கு, அதையே நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு இருக்கிறது என்றும் சொன்னார். மாப்பிள்ளை, "ஐயா, ரோட்டுல விழுந்த மரத்தை எடுக்கட்டும். நீங்களே வந்து கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும்" என்றார். அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. கரண்ட் இல்லை, கடை இல்லை, போக்குவரத்து இல்லை. மகள் துணி வெட்டுகிற மேசை, ஜன்னல் திட்டு, சமையலறை அலமாரி, எங்கு பார்த்தாலும் புத்தகம். என் கட்டிலையும் விடவில்லை. "எனக்கு முதுகு வலி, இடம் தர மாட்டேன்" என்று சொல்லித்தான் பார்த்தேன். கால்மாட்டில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். நானும் காலை மடக்கிக்கொண்டேன்.

ஊறின புத்தகத்தைச் சட்டென்று திறக்கக் கூடாதாம், தாள் கிழிந்துவிடுமாம். விசிறி மாதிரி விரித்து நிற்க வைக்க வேண்டும். இடையிடையே வெறும் தாள் செருக வேண்டும். அது ஈரத்தைக் குடித்ததும் எடுத்துவிட்டு வேறு செருக வேண்டும். மகள் சட்டைக்கு அளவு வெட்டுகிற தாள் கட்டுக் கட்டாக இருந்தது, அதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். பாதி காய்ந்த பிறகு துணி சுற்றிய செங்கல்லை மேலே ஏற்றினால் கோணாமல் இருக்கும். பிரிந்துபோனவற்றை மகள் கெட்டி நூலால் தைத்தாள். தாள் மாற்றுவதும் சமைப்பதும் என் பங்கு. உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாவும்தான் வீட்டில் இருந்தன. தினமும் சூப்பு. ஒரே மாதிரி இருக்கிறது என்று மகள் முனகினாள். மறுநாள் கிழங்கைச் சதுரமாக வெட்டிப் போட்டேன். வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு எழுத்து தெரியாது. சும்மா தாளைப் புரட்டிக்கொண்டிருந்தால் கை போகும், பொழுது போகாது. "இதுல என்னதான் எழுதியிருக்கு, வாசியேன்" என்றேன். கையில் இருந்தது ஒரு தடிக் கதைப் புத்தகம். அதில் எந்தப் பக்கம் காய்ந்ததோ அதை மகள் வாசித்தாள். வெளிப்பக்கத் தாள்கள்தானே முதலில் காயும், அதிலும் பின்பக்கம் முந்திக்கொண்டது. அதனால் கதை கடைசியிலிருந்து ஆரம்பித்தது. எடுத்த எடுப்பிலேயே கல்யாணம். அதற்கப்புறம் சண்டை. ஒரு டாக்டரைப் புதைத்தோம், நான் கண்கூடக் கலங்கினேன். மறுநாள் காலை அவர் உயிரோடு வந்து காப்பி கேட்கிறார்!

ஒரு பெரிய வீட்டில் வைர மோதிரம் திருட்டுப் போனதுதான் கதை. யார் எடுத்தது என்று சொல்கிற பக்கங்கள் மட்டும் நடுவில் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை.

"தோட்டக்காரன்தான்" என்றேன்.

"உனக்கு எப்பவும் தோட்டக்காரன் மேலதான் கண்ணு. அந்த வீட்டுச் சித்தப்பாதாம்மா எடுத்தது, அந்த ஆளு முழியே சரியில்ல."

"முழியை நீ எங்கடி பாத்த? நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."

"காயட்டும் அத்தை" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அதில் அக்கறையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதுகு கழன்ற புத்தகங்களை ஒட்ட அவர் மாவுப் பசை காய்ச்சினார். பால் வராத நாட்களாயிற்றே, நானும் அதே மாவில் சர்க்கரையும் பட்டையும் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். இரண்டு சட்டியும் அடுப்படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் சட்டியைத் தூக்கிவந்து ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றினேன். மகள் ஒரு வாய் வைத்தாள்.

"ஏம்மா, சர்க்கரையே போடலியா?"

"அள்ளிப் போட்டேனே!"

மாப்பிள்ளை தன் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மேசைமேல் தான் அப்போதுதான் ஒட்டிவைத்த தடிப் புத்தகத்தைப் பார்த்தார். பசை எங்கள் கிண்ணத்தில். கஞ்சி கதைப் புத்தகத்தின் முதுகில்.

"பரவாயில்ல, அதுவாவது வயிறார சாப்பிடட்டும்" என்றாள் மகள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் காலையில் சிரிப்பு நின்றுபோயிற்று. சுவரிலிருந்து மேசைவரை எறும்பு, ஊர்வலம் மாதிரி. நாலு மேசைக் காலுக்கும் நாலு கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து மயிலிறகு தொடுவதுபோல ஒவ்வொரு எறும்பாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

மரத்தை வெட்டி வழி விட்டதும் நூலகர் வந்துவிட்டார். குடை, மூக்குக் கண்ணாடி, உதட்டில் ஒரு சிரிப்பு கிடையாது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தார், விரித்தார், முகர்ந்தார், "ம்" என்றார். வலப் பக்கம் வைத்தால் வண்டிக்கு, இடப் பக்கம் வைத்தால் கழிவுக்கு. மாப்பிள்ளை சுவரோடு சுவராக நின்றார். வலப் பக்கம் ஏற ஏற என் மகள் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

கடைசியாகத் தடிப் புத்தகம். முகர்ந்தவர் மறுபடியும் முகர்ந்தார்.

"இதென்ன, பட்டை வாசனை?"

"கஞ்சிங்க" என்றேன்.

"இது வேண்டாம். பூச்சி பிடிக்கும்" என்று இடப் பக்கம் வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம். "நீங்க கழிங்க, வேணாங்கல. யார் திருடினான்னு தெரியாம அது இந்த வாசப்படியத் தாண்டாது!"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நான் படிச்சிருக்கேனே அம்மா. எடுத்தது வந்து..."

"சொல்லாதீங்க!"

மூன்று பேரும் சேர்ந்துதான் கத்தினோம். அதில் பெரிய சத்தம் மாப்பிள்ளையுடையது. நூலகர் திகைத்துப்போய் உட்கார்ந்தே விட்டார். மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

நூலகர் பிறகு ஒரு மழுங்கின கத்தி கேட்டார். ஒட்டியிருந்த தாளுக்கு நடுவே அதை விட்டு, மூச்சுவிடாமல், மெள்ள மெள்ளப் பிரித்தார். மூலையில் கொஞ்சம் கிழிந்தது, எழுத்து தப்பியது. அவரே வாசித்தார். ஆளுக்கு ஆள் குரல் மாற்றி வாசிக்கிறார் மனிதர்! திருடியது யார் என்கிறீர்கள்? டாக்டர். முதலிலேயே புதைத்துவிட்டதால் ஒருவருக்கும் அவர்மேல் சந்தேகம் வரவில்லை. மோதிரத்தை ஒளித்துவைக்கக் குழி தோண்டிக் கொடுத்தவன் தோட்டக்காரன்தான், ஆகவே நான் சொன்னதும் சரிதான். மகள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

நூலகர் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். வலப் பக்க அடுக்கை ஒரு தரம் பார்த்தார். "இத்தனை தேறியிருக்கு. இனிமே வண்டிய நிறுத்தணும்னு மேல யாராவது சொல்லட்டும், நான் பேசிக்கறேன்" என்றார். குடையை எடுத்தவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "கூரையை எப்ப அடைக்கலாம்?" என்று கேட்டார்.

அவர் போனதும் மாப்பிள்ளை நேரே அடுப்படிக்கு வந்தார்.

"அத்தை, அந்தக் கஞ்சி மறுபடி கொஞ்சம் காய்ச்சுவீங்களா?"

"எதுக்கு மாப்பிள்ளை? குடிக்கவா, ஒட்டவா?"

குடிக்கத்தானாம். இரண்டு கிண்ணம் குடித்தார்.