அய்யலூர் சந்தையில் நாத்தான் சொன்ன கதை

திண்டுக்கல்லில் ஒரு மாதா கோயிலில் இறைவாக்கினர்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் புதன்கிழமையே திருச்சியில் பஸ் ஏறிவிட்டேன். காரணம், தாடிக்கொம்புப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியம்மா மகன் ஆரோக்கியம் அண்ணன். "வருசத்துக்கு ஒருக்கா வாரவ, கறிவிருந்து போடாம விடமாட்டேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

வியாழன் அய்யலூர் ஆட்டுச் சந்தை. காலை ஐந்து மணிக்கு அண்ணனின் வண்டியில் கிளம்பினோம். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி ரோட்டில் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்.

"உங்க பட்டியிலயே ஆடு நெறைய நிக்குதேண்ணே?"

"அதுகளுக்கெல்லாம் உங்க மதினி பேரு வச்சிருக்கா. தொட முடியுமா?"

வழியில் என் உரையை அவரிடம் ஒத்திகை பார்த்தேன். இறைவாக்கினர் என்றால் நாளை நடப்பதைச் சொல்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். யூத மரபில் அவருக்கு அதைவிடப் பெரிய வேலை உண்டு: ராஜாவிடமே போய் 'நீர் செய்தது தப்பு' என்று சொல்வது. தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டபோது நாத்தான் போய் ஒரு கதை சொன்னார். மந்தை வைத்திருந்த பணக்காரன், வீட்டுக்கு வந்த வழிப்போக்கனுக்கு விருந்து வைக்க, தன் ஆடுகளை விட்டுவிட்டு ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து அடித்தான். கேட்டுக் கொதித்த தாவீதிடம், அந்த ஆள் நீர்தான் என்றார். இஸ்லாத்தில் தாவூத் நபி எனப்படும் இதே தாவீதிடமும் இப்படி ஓர் ஆட்டு வழக்கு வருகிறது.

"அவனெல்லாம் ஒரு மனுசனா!" என்று அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

சந்தையில், விலை மற்றவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசி, அண்ணன் ஒரு வெள்ளாட்டுக்கு விலை முடித்தார். விற்பவர் தன் கயிற்றைத் தரமாட்டார்; வாங்குபவர் சொந்தக் கயிற்றைக் கட்டினால்தான் ஆடு கைமாறியதாக அர்த்தம். அண்ணன் கயிற்றை எடுத்த நேரம் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அய்யா, கட்டாதீக! எனக்கு இருக்கதே இந்த ஆடு ஒண்ணுதான். கேக்காம கொழுந்தன் ஓட்டியாந்துட்டான்."

ஆடு அவள் சேலையை முகர்ந்தது. விற்க வந்தவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அது அவுக வீட்டுச் சண்டை. பேசுன வெலை பேசுனதுதான்" என்று அண்ணன் குனிந்தார். அவரை எதிர்த்துப் பேச எங்கள் குடும்பத்தில் ஆள் கிடையாது.

"அண்ணே, வரும்போது ஒருத்தனைத் திட்டுனீகளே..." என்றேன்.

அண்ணன் முகம் சிவந்தது. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏலே, ஆட்ட அந்தப் புள்ள கையில குடு."

அவர் போட்ட சத்தத்தில் சுற்றி நின்ற தரகர்களும் விலகிக்கொண்டார்கள். அவள் கும்பிட்டுவிட்டு ஆட்டோடு நடந்தாள். திரும்பும்போது அண்ணன், "மதினிக்குப் போன் போட்டு கத்திரிக்கா பறிக்கச் சொல்லு" என்றார். அன்றைக்குச் சோறும் அந்தக் கத்திரிக்காய் வெஞ்சனமும் இறங்கியதுபோல் எந்த விருந்தும் எனக்கு இறங்கியதில்லை. அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

அய்யலூர் போக நினைப்பவர்கள் விடியலிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் சந்தை கலைந்துவிடும். திண்டுக்கல்லிலிருந்து பஸ் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால், என்ன சமைத்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாத்தான் கதையில் பணக்காரனைப் பேசுகிறோம், ஏழையைப் பேசுகிறோம். யாருக்காக அந்த ஆட்டை அடித்தார்களோ, அந்த வழிப்போக்கனை யாரும் பேசுவதில்லை. அய்யலூரில் அவன் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.