போகாத கூட்டத்தில் நன்றியுரை

நேற்று இங்கே திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மைக் செட்காரரையும் சேர்த்துப் பதினோரு பேர். இன்று காலைப் பேப்பரில் ‘திரளானோர் பங்கேற்றனர்’ என்று போட்டிருந்தது. சிரித்துக்கொண்டேன். கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது.

நானும் ஒரு காலத்தில் இதே ஊரில் தமிழ் நாளிதழ் ஒன்றின் உள்ளூர் நிருபன்தான். ஆரியசாலையில் பெருங்காய மொத்தக் கடைக்கு மேல் என் அறை. நான் அனுப்பிய சாவுச் செய்தியில்கூட சாம்பார் மணக்கும். செய்திக் கவர் அச்சகத்துக்குப் போக நாலு மணி நாகர்கோவில் பஸ்ஸில் ஏறியாக வேண்டும். கூட்டங்களோ ஆறு மணிக்குத்தான் தொடங்கும். என்ன செய்ய? அழைப்பிதழைப் பார்த்தே எழுதிவிடுவேன். ‘சிறப்புரை’ என்று இருந்தால் ‘சிறப்புரை ஆற்றினார்’. கைதட்டல் என் உபயம்.

சாலை என்னும் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த சிவதாணு அண்ணாச்சிக்கு ஒரு வருஷம் வாசகசாலை ஆண்டு விழாவில் வெறும் நன்றியுரைதான் கொடுத்திருந்தார்கள். வாசகசாலைத் தலைவரோ அவருடைய பால்ய சிநேகிதர். “இனி அந்தப் படி ஏற மாட்டேன்” என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி வீட்டிலேயே இருந்துவிட்டார். இதெல்லாம் தெரியாத நான், அவர் தழுதழுத்த குரலில் தலைவருக்கு நன்றி கூறியதாக எழுதியிருந்தேன்.

மறுநாள் பேப்பரும் கையுமாக மாடியேறி வந்தார்.

“நான் வீட்டுல கஞ்சி குடிச்சிட்டுக் கெடந்தேன் கேட்டியா. சாலையில ஒருத்தன் பாக்கியில்லாம சிரிக்கான். நான் போகல்லேன்னு இன்னைக்கே எழுது.”

எழுதினால் என் குட்டு வெளிப்பட்டு வேலை போகும். எழுதாவிட்டால் அவர் மானம் போகும். திருத்தம் எழுதிக் கவருக்குள் வைக்கப் போகும்போது, தலைவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“சிவதாணு, நேத்து எனக்கு மேலுக்குத் தீரே முடியல்லே, பாதியிலேயே வீட்டுக்குப் போயிட்டேன். நீ வந்து நன்றி சொன்னதைப் பேப்பர்லதான் கண்டேன். உன் கடைக்குப் போனா இங்கேன்னு சொன்னானுவ. நீ வரவே மாட்டேன்னுல்லாடே நெனச்சேன்.” கண் கலங்கியிருந்தது.

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த திருத்தத்தை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அதுக்கென்னடே, நன்றி சொல்லாண்டாமா?”

இருவரும் சேர்ந்தே படியிறங்கினார்கள். பாதிப் படியில் அண்ணாச்சி மட்டும் திரும்பி, “இனி போயிட்டு எழுது” என்றார். எழுதினேன். செய்தி ஒரு நாள் தாமதமாகப் போய், ஆசிரியரிடம் தினமும் திட்டு வாங்கினேன்.

வாசகசாலை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. இரண்டு சிநேகிதர்களும் போய்விட்டார்கள். அந்தச் செய்தி மட்டும் திருத்தப்படாமலே கிடக்கிறது. இன்று நானே ‘வருந்துகிறோம்’ என்று போட நினைத்தாலும், படித்துவிட்டுச் சண்டைக்கு வர ஆள் இல்லை.