மூன்று பேர் எழுந்து நின்ற பள்ளிக்கூடம்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பள்ளியில் ஜம்புலிங்கம் நான்காம் வகுப்பு வாத்தியார். தலைமையாசிரியர் இறந்ததும், பள்ளிக்குச் சொந்தக்காரரான மானேஜர் தசரதன் வேறு ஆள் போடவில்லை. ஒரு சம்பளம் மிச்சம். ஜம்புலிங்கம், அங்கே பாடம் நடத்திய அன்னம்மாள், உலகநாதன் மூவரும் கூடிப் பேசியே பள்ளியை நடத்தினார்கள். நடவுக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவதால், அப்போது மட்டும் விடியலில் வகுப்பு வைத்தார்கள். கூலிக்காரர் பிள்ளைகளும் தவறாமல் வந்தார்கள். ஜம்புலிங்கம் பள்ளிக்கு ஆசையாய் ஓட்டமும் நடையுமாகப் போன வருஷங்கள் அவை.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். "இங்கே யார் ஹெட்மாஸ்டர்?"

மூவரும் சேர்ந்து எழுந்து நின்றார்கள். குறும்பு இல்லை, பழக்கம். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற தசரதனுக்கு முகம் கறுத்தது.

மறுநாளே உலகநாதன் ஹெட்மாஸ்டர் ஆக்கப்பட்டார். நடவானாலும் அறுப்பானாலும் பத்து மணிக்குத்தான் பள்ளி என்று உத்தரவு. அந்த நடவில் ஜம்புலிங்கம் பிள்ளைகள் இல்லாத வெறும் பலகைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொறுக்காமல் மானேஜர் வீட்டுக்கே போனார்.

"இன்னா வாத்தியாரே, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? யோசிக்கிற வேலய நான் எடுத்துகினேன். பாரம் கொறஞ்சிதுன்னு சந்தோசமா இரேன்."

"எங்க மேயறதுன்னு மாடே யோசிக்குதுங்க. எங்களுக்கு அதுகூட கெடயாதா?"

"அப்ப மாட்டுக் கொட்டாய்க்கே போ."

பள்ளிக்குத் திரும்பியவர், வேலையை விடப்போவதாகச் சொன்னார். அன்னம்மாள் சீறினாள்.

"போங்க. ஒங்க ரோசத்த தூக்கிகினு போங்க. மானேஜருக்கு அதான வோணும்."

உலகநாதன் தலை குனிந்தே இருந்தார். "சாவி ஏங்கிட்டதான் கீது. நீங்க ரெண்டு பேரும் சொன்னா விடியல்ல தொறக்குறேன். நம்ம வேல பூட்டா இன்னா பண்றது?"

"மூணு பேருக்கும் பூடட்டும்," என்றார் ஜம்புலிங்கம்.

நடவு முடியும்வரை விடியலில் பள்ளி நடந்தது. முடிந்த கையோடு தசரதன் மூவரையும் வெளியே அனுப்பினார். அப்புறம் வந்த வாத்தியார்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. சம்பளம் போதவில்லையாம், தசரதன் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதே சம்பளத்தில் இந்த மூவர் மட்டும் விடியலில் ஓடி வந்தது எப்படி என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

ஜம்புலிங்கம் ஆவடியில் ஒரு விறகுத் தொட்டியில் விறகு நிறுத்துப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். வாத்தியார் வேலை பிடிக்கவில்லையா என்று அங்கே யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"புடிச்சிதான்யா இருந்துது. செய்ய வுட்டானா?"