பல்லில் ஒட்டிய பொட்டு

என் பேத்தி நித்யாவுக்குப் பதினான்கு வயது. முன்பல் சொத்தையாகிக் கறுத்ததிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். கபடியில் கெட்டிக்காரி. ஆனால் கபடி பாடிப் போகும்போது வாயை மூட முடியாதே! அதனால் பள்ளி அணியிலிருந்தே விலகிவிட்டாள். பல் மருத்துவரிடம் வரவும் மறுத்தாள். எனக்கோ அவள் சாப்பாட்டுக் கவலை. தட்டில் மீந்த இட்லிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் அவளுடைய அணித் தோழிகள் வந்து நின்றார்கள். எண்ணினேன், ஆறு பேர். ‘ஈ’ என்று பல்லைக் காட்டினார்கள். ஆறு பேர் முன்பல்லிலும் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு!

நித்யாவின் முகம் சுருங்கியது. கேலி செய்ய வந்திருக்கிறார்களோ என்று நான் பதறி எழுந்தேன்.

“சக்கத்தா, சூப்பரா இருக்கோமாடி? இனி யாரும் உன்னை மட்டும் பார்க்க மாட்டாங்க. ஆட வா,” என்றாள் ஒருத்தி. சொல்லும்போதே பொட்டு நழுவி அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. “தூ, தூ!” என்று குதித்தாள்.

நித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். கை வாய்க்குப் போகவே இல்லை.

“தாத்தா, நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்,” என்று சொல்லிவிட்டு அவர்களோடு ஓடினாள்.

அவள் தின்னாத இட்லிகளை எண்ணிய எனக்கு, அவள் சிரிக்காத சிரிப்புகளை எண்ணத் தோன்றவில்லை. அந்த ஆறு பெண்களும் எண்ணியிருக்கிறார்கள்.