கடுகுப் பெட்டி

அன்னக்கிளிக்குப் புழு என்றாலே குமட்டும். அவளுக்குக் கிடைத்ததோ புழு வளர்க்கும் வேலை. ஓவேலி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள், இடுப்பு வலியால் கூடை சுமக்க முடியாமல் சோலூரில் இருந்த தங்கை வீட்டுக்கு வந்தாள். அங்கே பூச்சி ஆராய்ச்சிக் கொட்டகையில் சேர்த்துக்கொண்டார்கள்.

கோஸை அரிக்கும் சின்னப் பச்சைப் புழுக்கள் அவை. கோஸ் தோட்டத்தில் பிடித்தவை ஒரு பெட்டியில், ஓடைக்கரைக் காட்டுக் கடுகில் பிடித்தவை இன்னொன்றில். அழுகிய இலையை வழித்தெடுத்துப் புது இலை போடவேண்டும். தொட்டால் துள்ளி, நூல் விட்டு அவள் மணிக்கட்டில் தொங்கும். சோப்புக்கும் போகாத அந்த வாடையோடு சோற்றில் கைவைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ரெண்டும் ஒரே பூச்சிதான்க்கா," என்றாள் ஆராய்ச்சி செய்ய வந்த கீர்த்தனா. "ஆனா வாழுற செடியப் பொறுத்து வம்சம் மாறுதான்னு பாக்கணும். கோஸ்ல மருந்துக்குத் தப்பிச்சதுங்கதான் திரும்பத் திரும்பப் பெருகுது. கடுகுக்கு யாரும் மருந்தடிக்கிறதில்ல, அங்க பல வம்சமும் கலந்திருக்கும். அதனால ஒரு பெட்டிப் புழு இன்னொண்ணுல சேரவே கூடாது."

அடைமழையில் கடுகுப் பெட்டியில் பூஞ்சை பிடித்தது. புழுக்கள் கறுத்துக் கூழாகிச் செத்தன. அன்னக்கிளி வாயைப் பொத்திக்கொண்டு கழுவி வைத்தாள். மேற்பார்வை பார்த்த லிங்கசாமி பக்கத்துக் கோஸ் தோட்டத்துக்குப் போய்க் கை நிறையப் புழு அள்ளிவந்து அதில் கொட்டினான்.

"ஏனுங்க்கா அப்படிப் பாக்கறீங்க? புழுவுல போயி சாதி பாக்கறதாக்கும்? கம்முனு இருங்க."

அதே கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வடையைப் பிட்டுத் தின்றான். கூழான புழுவைக் கழுவும்போதுகூட அடக்கிய ஓங்கரிப்பு அவனைப் பார்த்து வந்தது.

மறுநாள் கீர்த்தனாவிடம் சொன்னாள். கீர்த்தனா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

"இந்த வாரம் ரிப்போர்ட் போகணும்க்கா. இருக்கட்டும், விடுங்க."

அன்னக்கிளிக்கு உடம்பெல்லாம் கூசியது. பெட்டியைத் தூக்கிப்போய்ச் சோப்புத் தண்ணீர் வாளியில் கவிழ்த்தாள். புழுக்கள் நெளிந்து அடங்கின.

"என்ன பண்றீங்க?"

"இனிமே புதுசாப் புடிச்சாத்தான் உண்டு மேடம்."

கீர்த்தனா கத்தினாள், பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். ரிப்போர்ட்டுக்குத் தவணை கேட்டு வாங்கி, மழை விட்டதும் இருவருமாக ஓடைச் சேற்றில் இறங்கிக் கடுகிலை கடுகிலையாகத் தேடினார்கள். லிங்கசாமி அன்றோடு அன்னக்கிளியிடம் பேச்சை நிறுத்தினான்.

முடிவு வந்தபோது கீர்த்தனா நினைத்ததே சரியாயிற்று. கடுகுப் புழுக்களில் பல வம்சம். கோஸ் புழுக்கள் ஏறக்குறைய ஒரே வம்சம், வழக்கமான மருந்துக்கு அசையாதவை. அதைத் தோட்டக்காரர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் கீர்த்தனா ஊருக்குப் போனாள்.

மறுவாரம் பக்கத்துத் தோட்டத்தில் அதே மருந்தை இரட்டிப்பாகக் கலக்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். நெடி தொண்டையைப் பிடுங்கியது. கோஸ் இலைகளில் புழுக்கள் அலுங்காமல் மேய்ந்தன. வழிந்த மருந்து ஓடையில் வெள்ளையாகக் கலந்தது. அன்னக்கிளி காறித் துப்பிவிட்டு, மூக்கில் முந்தானையை அழுத்தியபடி நடந்தாள்.